அரை இஞ்சு பட்டி

நாகர்கோவில்,
ஆனி மாசம்.

மக்கா,

சொகமா? பதில் தாமசமானதுக்கு வண்டிதான் காரணம். தேங்காப்பட்டணத்துல மீன் ஏத்திட்டு வரும்போது, கருங்கல் தாண்டி எதிர்ல வந்த பஸ்ஸுக்கு ஒதுங்குனேன். கல்மதில் இடது பக்கத்தை உரசிட்டு. எனக்கு ஒண்ணுமில்ல, கேட்டியா.

சொட்டையை நிமித்தி, பள்ளத்தை நிரப்புற பசை இருக்கே, அந்தப் பட்டியைப் போட்டு, பெயிண்ட் அடிச்சா மூணு நாள்னு நினைச்சு பட்டறையில விட்டேன். மேஸ்திரி சுத்தியல் காம்பால தட்டினார். தகரச் சத்தம் வரல, சுவரைத் தட்டுன மாதிரி 'டொக்கு'. காந்தம் வச்சார், ஒட்டல. அரை இஞ்சு பட்டி மக்கா! எனக்கு வித்தவன் பூசி மெழுகுன வேலை. ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல பட்டி ஏறுனா குலுக்கத்துல வெடிச்சிருமாம். அந்த வெடிப்பு வழியா தண்ணி இறங்கும். நம்ம வண்டியில அது மீன்பெட்டி ஐஸ் வெள்ளம், உப்பு வேற. செதுக்குனா உள்ள தகரம் அப்பளமா நொறுங்குது.

நல்ல தகரம் தெரியுற வரைக்கும் வெட்டிக் களைஞ்சு புதுத்தகடு வச்சார். பேட்டரி வயரைக் கழத்தாம வெல்டிங்கைத் தொடல. ஒரே இழுப்பா இழுத்தா தகடு நெளியும்னு அங்கங்க பொட்டுப் பொட்டா பத்தவச்சார். பொறவு துரு ஏறாம இருக்க எபாக்ஸி பிரைமர்னு ஒரு அடிப்பூச்சு, மேல மெல்லிசாப் பட்டி. பட்டி வெள்ளத்தைக் குடிக்கும்னு அதை மட்டும் காய்ஞ்ச எமரி பேப்பர்ல தேய்ச்சார்.

அப்பம் பார்த்து மழை. ஈரக்காத்துல அடிச்சா பெயிண்ட் பூத்து மங்கிப்போகும்னு நாலு நாள் பெயிண்ட் பீச்சுற கன்னைக் கையில எடுக்கல. ஓட்டம் போகுதேன்னு நான் கத்துனேன். அவரு பைய சாயா குடிச்சார். அஞ்சாம் நாள் வெயில் வந்ததும் தூசி பறக்காம தரையில வெள்ளம் தெளிச்சு அடிச்சார். மூணு கோட்டு. முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம்!

ஆனா பழைய நீலம் வெயில்ல வெளுத்துக் கிடக்கு. இப்ப இடது பக்கம் கல்யாண மாப்பிள்ளை, வலது பக்கம் அவன் மாமனார்.

வண்டியை எடுக்கும்போது, "வலது பக்கத்தையும் தட்டிப் பார்க்கட்டா?"ன்னு கேட்டார். ஆடி கழியட்டும்னுட்டேன். நீ ஓணத்துக்கு வருவேல்லா? கூட நீ நின்னா தட்டச் சொல்லலாம்.

அம்மாவை விசாரிச்சதாச் சொல்லு.

உன் பழைய கூட்டாளி