பத்தமடைப் பெண்களின் வேலையையும் கணக்கில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் வாசித்து வருகிறேன். 2011-ல் பத்தமடையில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. அப்போது நான் செய்த ஒரு தவறு இன்னமும் மனதை உறுத்துகிறது. அடுத்த கணக்கிலும் அதே தவறு நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் வருகிற பேரூராட்சி பத்தமடை. தாமிரபரணியின் தென்கரை. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் ஆற்றை மறித்த அணையிலிருந்து வருகிற கன்னடியன் கால்வாய்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், ஒரு பசு நடந்துபோன வழியிலேயே இந்தக் கால்வாயை வெட்டினார் என்று என் ஆச்சி கதை சொல்வாள். கால்வாயில் பத்து மடைகள் இருந்ததால் பத்துமடை என்றாகி, பிறகு அது பத்தமடை ஆயிற்று என்பது ஊர்ப் பேச்சு. ரிஷிகேஷில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்ததும் இங்கேதான். ஆனாலும் வெளியூரில் போய்ப் பத்தமடை என்றால், 'பாய்க்குப் பேர்போன ஊரா?' என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பாய் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆற்றோரத்துக் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, காயவைத்து, கத்தியால் நீளவாக்கில் கீறுவார்கள். பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து உலர்த்தி, மறுபடியும் கீறுவார்கள். நுணுக்கப் பாய்க்கு ஒரு கோரையை நூல் மாதிரி ஆகும்வரை பிளக்க வேண்டும். அந்தக் காலத்தில் சிவப்புச் சாயத்துக்குச் சப்பங்கக் கட்டையைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். தரையோடு தரையாக இருக்கும் தறியில் பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக ஓட, குச்சியில் கோரையைக் கோத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டு நெய்ய வேண்டும். கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரையே நெய்துவிடுவார்கள். ஒரு நல்ல பட்டுப்பாய் முடிய வாரங்கள் ஆகும். சிலது மாதத்தைத் தாண்டும். இதையெல்லாம் செய்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். அடுப்பில் உலை கொதிக்கும்போது ஒரு கை, பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு ஒரு கை என்று நாள் முழுக்க அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

2011 பிப்ரவரி 9-ஆம் தேதி ஆரம்பித்து 28 வரை கணக்கெடுத்தோம். பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு, சாயங்காலத்தில் தெருத்தெருவாகப் போக வேண்டும். ஒரு வீட்டில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), திண்ணையில் உட்கார்ந்து கோரை கீறிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, "போன வருஷம் ஏதாவது வேலை பார்த்தீங்களா ராத்தா?" என்றேன்.

"என்னத்த வேலை டீச்சர்? வீட்டுல சும்மாதான இருக்கேன்" என்றார். கத்தி நிற்கவே இல்லை.

நானும் வேலை செய்யாதவர், வீட்டுப் பொறுப்புகளைப் பார்ப்பவர் என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மட்டும் இப்படி எத்தனை வீடுகளில் எழுதினேனோ. பயிற்சியில், "பதில் சொன்னதை அப்படியே எழுதுங்க, நேரத்துக்குள்ள முடியணும்" என்று சொல்லியிருந்தார்கள். அதை நான் சாக்காகச் சொல்ல மாட்டேன். என் கண் முன்னால் நடந்த வேலையை நான் எழுதவில்லை.

கணக்கெடுப்பு விதியில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்ற தொழில் என்று உழைப்பவர்களை நான்காகப் பிரிக்கிறார்கள். வீட்டுத் தொழில் என்ற பிரிவே பாய் நெய்கிறவர்களைப் போன்றவர்களுக்காக உள்ளதுதான். வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் முதன்மைத் தொழிலாளி, அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளி. பெண்களின் வேலை விட்டுப்போகிறது என்பதால்தான், சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் சம்பளம் இல்லாமல் பார்த்த வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1991-லேயே கேள்வியோடு எழுதிவைத்தார்கள். விதி சரியாகத்தான் இருக்கிறது, வாசற்படியில்தான் தவறிப்போகிறது.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கிராமத்தை ஊர் வளர்ச்சியைப் பார்த்து நகரம் என்று கணக்கில் சேர்க்க, 5000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும், முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். இந்த 75 சதவீதத்தில் ஆண்களை மட்டும்தான் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் ஏற்கெனவே பேரூராட்சி, அதனால் எங்களுக்கு அதில் பாதிப்பு இல்லை. ஆனால் 2011-ல் ஆயிரம் ஆண்களுக்கு 1023 பெண்கள் இருந்த மாவட்டம் திருநெல்வேலி. தென்காசி அப்போது எங்களோடுதான் இருந்தது. இப்படிப்பட்ட மாவட்டத்தில் பெண்களின் உழைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு ஊரை எப்படி எடைபோடுவது?

முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், 'பீடி சுத்துறேன்' என்று பளிச்சென்று சொல்வார்கள். அவர்கள் கையில் பீடித் தொழிலாளி என்ற அடையாள அட்டை இருக்கிறது. 1976-லேயே பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று சட்டம் வந்துவிட்டது. அந்த அட்டையைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்தப் பாயை நெய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கணக்கு இல்லை. பிளாஸ்டிக் பாய் வந்து, கரூர் பக்கத்துப் பாயும் வந்து, ஆற்றோரக் கோரையும் குறைந்துவிட்ட இந்த நேரத்தில், ஆள் கணக்குக்கூட இல்லாமல் எந்த உதவியைப் போய்க் கேட்பது?

2027 மார்ச் 1-ஐ வைத்து அடுத்த கணக்கு வருகிறது. இந்த முறை கைப்பேசியில் நாமே பதிவு செய்துகொள்ளலாமாம். அப்படியானால் பெரும்பாலான வீடுகளில் மகனோ மகளோதான் உட்கார்ந்து நிரப்பப் போகிறார்கள். அம்மாவைப் பற்றி எழுதும்போது அவசரப்படாதீர்கள் தம்பி, தங்கைகளே. உம்மாவின் கையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பயிற்சி கொடுக்கிற அதிகாரிகளிடம் நான் கேட்பதும் சின்ன விஷயம்தான். எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு, "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்கச் சொல்லித் தராதீர்கள். "கோரை கீறுவீங்களா? தறியில உட்காருவீங்களா? வருஷத்துல எத்தனை மாசம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் எங்கள் தெருப் பக்கம் வருகிற ஆசிரியைகளோடு கூடவே நடந்துபோய் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். 2011-ல் எனக்குப் பதில் சொன்ன அந்த ராத்தா இன்னும் அதே திண்ணையில்தான் இருக்கிறார். முதலில் அங்கேதான் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.