புரோபேட் வரும் முன் வீட்டை விற்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இறந்தவரின் சொத்தை விற்பது பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நீதிமன்றத்திலிருந்து ஆணை வரும்வரை வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்கிறார். எல்லோருக்கும் அப்படிக் கறாராகச் சொல்ல முடியாது. பிள்ளையில்லாத என் பெரியம்மா, தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை எனக்கு எழுதிவைத்தார். புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, கேட்டுப் போட்ட மனு நிலுவையில் இருந்தபோதே அவருடைய வீட்டுக்கு ஆள் பார்த்து, கிரய ஒப்பந்தமும் போட்டேன். பூட்டிய வீட்டுக்கும் வரி கட்ட வேண்டும். அவர் வைத்துவிட்டுப் போன கடனுக்கு வட்டியும் ஏறிக்கொண்டே இருந்தது.

விற்பவர் எந்த உரிமையில் விற்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 211-ஆவது பிரிவுப்படி, இறந்தவரின் சொத்து உயிலை நிறைவேற்றுபவரிடம் வந்துசேர்கிறது. புரோபேட் கிடைத்துவிட்டால், இறந்த நாளிலிருந்து இடையில் அவர் அந்தப் பொறுப்பில் செய்தவையும் செல்லும் என்கிறது 227. உயிலிலேயே விற்கக் கூடாது என்று எழுதியிருந்தால் மட்டும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். பெரியம்மா அப்படி எதுவும் எழுதவில்லை.

சட்டம் இடம் கொடுத்தாலும் வாங்குபவருக்குப் பயம் இருக்கும், அது நியாயமும்கூட. உயிலை யாராவது எதிர்த்து வழக்காடி ஜெயித்துவிட்டால் அவர் பணத்துக்கு யார் பதில் சொல்வது? அதனால் கிரயப் பத்திரத்தைப் புரோபேட் வந்த பிறகே பதிவது, வராவிட்டால் அட்வான்ஸை முழுசாகத் திருப்பித் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். காத்திருக்க வேண்டுமென்பதால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். சரி என்றேன். அட்வான்ஸைத் தனிக் கணக்கில் போட்டேன். உறவுக்காரர்கள், "ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தால் என்ன?" என்றார்கள். கடன்களை அடைத்த பிறகுதான் உயிலில் பெயர் உள்ளவர்களுக்குப் பங்கு, சட்டமே அப்படித்தான். அதிலும் அது அட்வான்ஸ், திருப்பிக் கொடுக்க நேரலாம். சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, போகட்டும்.

கடிதம் எழுதிய வாசகரின் குடும்பத்தில் உயிலே இல்லை. அவருடைய தம்பி ஒருவர், இறந்தவரின் சொத்தைக் கவனிக்கும் நிர்வாகியாகத் தன்னை நியமிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார், அதற்குள் அட்வான்ஸும் வாங்கிவிட்டார். இங்கே வாசகர் பயப்படுவது சரிதான். இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணக் குடும்பங்களில், நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர்கூட நீதிமன்றத்தின் முன்அனுமதி இல்லாமல் வீட்டையோ நிலத்தையோ விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது (பிரிவு 307). மீறி விற்றால், சொத்தில் அக்கறையுள்ள யாரும் அதை ரத்து செய்யக் கேட்கலாம். நியமனத்துக்கு முன்பு அவர் செய்ததில் சொத்துக்கு நஷ்டம் வந்திருந்தால், பின்னால் வரும் ஆணை அதைச் செல்லுபடியாக்காது (பிரிவு 221).

வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விற்பது வேறு வழி. ஒருவர் மறுப்பதால்தான் மனுவரை வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அப்படியானால் தம்பி முதலில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கட்டும். நியமனம் ஆனதும், வீட்டின் மதிப்பீட்டையும் விற்க வேண்டிய காரணத்தையும் வைத்து நீதிமன்றத்தில் அனுமதி கேட்கட்டும். மறுப்பவர் தன் காரணத்தை அங்கேயே சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்