தேர்தலை நடத்துகிறவர்களின் வாக்கு: தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கும், 38 மாவட்டங்களின் தேர்தல் அலுவலர்களாகப் பொறுப்பு வகிக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் சென்னை மாநகராட்சி ஆணையருக்கும் வணக்கம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை. மூன்றாம் நிலை வாக்குப்பதிவு அலுவலராகத் தொடங்கி வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வரை எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்து தேர்தல் பணி பார்த்திருக்கிறேன். ஒருமுறை வாக்கு எண்ணும் மையத்தில் தபால் வாக்கு மேசையிலும் இருந்திருக்கிறேன். இந்த மடல் தேர்தல் பணியில் இருப்பவர்களின் தபால் வாக்கைப் பற்றியது. சட்டப்பேரவைத் தேர்தல் முடிவுகள் மாவட்ட வாரியாக வெளிவரும்போது எவர் கண்ணிலும் படாமல் போகும் அந்த ஒரு வரியைப் பற்றித் தங்களிடம் சொல்ல வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

2021 ஏப்ரல் 6 அன்று நடந்த பேரவைத் தேர்தலின் முடிவுகள் மே 2 அன்று வந்தபோது, சென்னையின் 16 தொகுதிகளும் ஒரு கூட்டணிக்கு, கோவையின் 10 தொகுதிகளும் எதிர்க் கூட்டணிக்கு என்று மாவட்டக் கணக்கு பேசப்பட்டது. முழுதாக ஒரு பக்கம் சாய்ந்த அதே சென்னையில்தான் தியாகராய நகரின் வெற்றி 137 வாக்குகளில் நின்றது. ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சி 281 வாக்குகளில் முடிந்தது. மாவட்டமாகப் பிரிந்தபின் தன் முதல் பேரவைத் தேர்தலைச் சந்தித்த தென்காசியில், தென்காசித் தொகுதியின் வித்தியாசம் 370. சேலம் மாவட்டத்து மேட்டூரில் 656, வேலூர் மாவட்டத்துக் காட்பாடியில் 746, கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்தில் 862, அதே மாவட்டத்தின் நெய்வேலியில் 977. இந்த எண்களுக்கு அருகில் இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். அந்தத் தேர்தலில் கொரோனா காரணமாகச் சாவடிகள் பிரிக்கப்பட்டு, மொத்தம் 88,937 வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. சாவடிக்கு நான்கு தேர்தல் பணியாளர்கள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் வருகிறது. 234 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு ஏறத்தாழ 1,500 பேர். காவல்துறையினர், ஓட்டுநர்கள், மண்டலக் குழுவினர் இதில் சேரவில்லை. மேலே சொன்ன ஏழு தொகுதிகளிலும் வெற்றி வித்தியாசம் இந்த எண்ணிக்கையைவிடக் குறைவு. தென்காசியில் தபால் வாக்குகளை மட்டும் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2023-இல் மீண்டும் எண்ண வேண்டி வந்தது. வெற்றி மாறவில்லை என்றாலும், இரண்டு ஆண்டுகள் ஒரு தொகுதியின் முடிவு அந்த உறைகளுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைவிட எங்கள் பகுதி ஆசிரியர்களின் மனத்தில் ஆழப் பதிந்தது இராதாபுரம். 2016 தேர்தலில் அத்தொகுதியில் வென்றவர் பெற்றது 69,590 வாக்குகள். தோற்றவர் பெற்றது 69,541. வித்தியாசம் 49. அங்கே 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. அவற்றுடன் வாக்காளர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய உறுதிமொழிப் படிவங்களில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பதே காரணம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 அக்டோபரில் அந்த 203 தபால் வாக்குகளையும், கடைசி மூன்று சுற்றுகளான 19, 20, 21-ஆம் சுற்று வாக்குகளையும் எண்ணுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணிக்கை நடந்தது. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால், அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை இராதாபுரத்து மக்களுக்கு அந்த எண்ணிக்கை தெரியாமலே போயிற்று. 2021-இல் அதே இருவரும் மீண்டும் மோதினார்கள். முன்பு 49 வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்று பேரவைத் தலைவரும் ஆனார்.

இந்த வழக்கில் யார் வெல்ல வேண்டியவர் என்பது என் கவலை அன்று. அதைச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. என் கவலையெல்லாம் அந்த 203 பேர். அவர்கள் சட்டம் தெரியாதவர்கள் அல்லர். மூன்று பயிற்சி வகுப்புகளுக்குப் போய், பெட்டி சுமந்து, முதல் நாள் இரவே பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுப் படுத்து, விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இரவு பத்து மணிக்குமேல் மண்டல அலுவலரின் வண்டிக்காகக் காத்திருந்து இயந்திரங்களை ஒப்படைத்த அரசு ஊழியர்கள். அருகில் இருந்த தலைமையாசிரியரிடம் போய்க் கையெழுத்து வாங்கியது மட்டுமே அவர்கள் செய்த பிழை. பச்சை மையில் கையெழுத்திடும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ, பணியாற்றும் சாவடியின் தலைமை அலுவலரிடமோ சான்றொப்பம் பெறலாம் என்கிறது தேர்தல் நடத்தை விதி. அந்தத் தலைமையாசிரியரே வாக்குப்பதிவு நாளில் சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருந்தால், தன் சாவடியில் பணியாற்றும் ஆசிரியைக்கு அவர் போடும் கையெழுத்து செல்லும். முந்தைய நாள் பள்ளி அலுவலக அறையில் அதே பேனாவால் போட்ட கையெழுத்து செல்லாது என்றார்கள். பச்சை மை இல்லாத கையெழுத்தை நம்பிச் சாவடியையே ஒப்படைக்கும் ஆணையம், ஒரு வாக்குச்சீட்டுக்கு அதை நம்ப மறுப்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாக்கு எண்ணும் மேசையில் நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். எவருடைய வாக்கு யாருக்கு என்ற இரகசியம் எதையும் இது மீறாது, ஏனெனில் நான் சொல்லப்போகும் வாக்குச்சீட்டுகளை நாங்கள் பார்க்கவே இல்லை. தபால் வாக்கு இரண்டு உறைகளில் வரும். பெரிய உறை 13சி. அதற்குள் உறுதிமொழிப் படிவமான 13ஏ தனியாகவும், வாக்குச்சீட்டு வைத்து ஒட்டிய சிறிய உறையான 13பி தனியாகவும் இருக்கும். முதலில் பெரிய உறையைப் பிரித்து 13ஏ-வை எடுத்துப் பார்ப்போம். வாக்காளரின் கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் இருக்கிறதா, படிவத்தில் எழுதிய வாக்குச்சீட்டு வரிசை எண்ணும் சிறிய உறையின் மேல் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பார்ப்போம். ஏதேனும் ஒன்று தவறினாலும் சிறிய உறையைத் திறப்பதில்லை. அப்படியே நிராகரிப்புக் கட்டில் சேர்த்துவிட வேண்டும். அன்று என் கைக்கு வந்த ஓர் உறையில் எல்லாம் சரியாக இருந்தது: அழகான கையெழுத்து, சரியான எண், சான்றொப்பமிட்டவரின் கையெழுத்து, தேதி. பதவி முத்திரை மட்டும் இல்லை. பதவியின் பெயரைக் கையால்கூட எழுதவில்லை. முகவர்கள் குனிந்து பார்த்தார்கள். உதவித் தேர்தல் அலுவலர் ஒரு கணம் தயங்கி, நிராகரிப்பு முத்திரையை எடுத்தார். படிவத்தில் இருந்த பெயர் ஓர் அங்கன்வாடிப் பணியாளருடையது. அவர் வாக்களித்ததாகத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார். தன் வாக்கு எண்ணப்படவில்லை என்று அவருக்கு எவரும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லும் ஏற்பாடும் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. ஒரு பேரவைத் தேர்தலில் முதல் பயிற்சி வகுப்பிலேயே தபால் வாக்குக்கான விண்ணப்பமான படிவம் 12-ஐ நிரப்பி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் பார்த்து எழுதி, பணி ஆணையின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன். அடுத்த வகுப்பில் கேட்டபோது, உங்கள் தொகுதி வேறு என்பதால் அங்கிருந்து வரும் என்றார்கள். மூன்றாம் வகுப்பிலும் அதே பதில். வாக்குச்சீட்டு அடங்கிய உறை என் வீட்டுக்கு வந்தபோது, வாக்கு எண்ணி முடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதை நான் இன்னும் பிரிக்கவில்லை. அன்று ஆயிரத்துச் சொச்சம் பேரின் விரலில் மை வைத்து அனுப்பிய எனக்கு என் விரலைப் பார்க்கும்போது ஏற்பட்ட உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. பேரவைத் தேர்தலில் எங்களைப் பெரும்பாலும் சொந்தத் தொகுதியில் பணிக்கு விடுவதில்லை. அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவாகப் பணிச்சான்று பெற்று, பணியாற்றும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கும் வழி எங்களுக்கு அடைபட்டுப் போகிறது. தபால் உறை ஒன்றுதான் மிச்சம்.

இப்போது நிலைமை ஓரளவு மாறியிருப்பதை நான் அறிவேன். 2023-இல் விதியைத் திருத்தி, தேர்தல் பணியாளர்கள் வாக்குச்சீட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அதற்கென அமைக்கும் வசதி மையத்திலேயே வாக்களித்துப் பெட்டியில் போட வேண்டும் என்று ஆக்கினார்கள். உறைகளைக் கைமாற்றுவது, விலை பேசுவது போன்ற அவப்பெயர்களிலிருந்து எங்களை விடுவித்த மாற்றம் அது, மனமார வரவேற்கிறேன். வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் கூடுதலாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவை அனைத்தையும் ஒளிப்பதிவுடன் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற அறிவுறுத்தலும் இருக்கிறது. ஆயினும், மறுபடி சரிபார்ப்பவரும் அதே விதிப் புத்தகத்தை வைத்துத்தான் சரிபார்ப்பார். கையெழுத்துக்கு உரியவர் யார் என்பது தெளிவாகாதவரை, இரண்டாம் முறை பார்த்தாலும் அந்த உறை மூடியே கிடக்கும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், சான்றொப்பப் பொறுப்பை வாக்காளரின் தலையிலிருந்து இறக்கிவிடுங்கள் என்பது. ஒவ்வொரு வசதி மையத்திலும் சான்றொப்ப அதிகாரம் உள்ள அலுவலர் ஒருவர், பெயரும் பதவியும் முன்கூட்டியே அச்சிட்ட முத்திரையுடன், மையம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியில் போடும் முன் உறையின் எண்ணையும் படிவத்தின் எண்ணையும் அவரே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதியவர்களின் வீடு தேடிப் போய் வாக்குப் பெறும் குழுக்கள் எவ்வளவு பொறுமையாக, ஒவ்வொரு கையெழுத்தையும் காட்டிக் கொடுத்து வாங்குகின்றன என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமையில் பாதி எங்கள் பயிற்சி மையங்களில் கிடைத்தால் போதும். பயிற்சி வகுப்பில் எழுநூறு பேர் ஒரே நேரத்தில் உணவு இடைவேளையில் வரிசையில் நின்று, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் உறையை ஒட்டுகிறார்கள் என்பதை மாவட்ட ஆட்சியர்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அவசரத்தில் நடக்கும் தவறுகளைக் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது.

கடைசி நேரத்தில் பணி ஒதுக்கப்படும் காத்திருப்புப் பட்டியல் ஊழியர்களின் நிலை இன்னும் மோசம். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மதியம் பெயர் அழைத்து, உடல்நலமில்லாத ஒருவருக்குப் பதிலாக வண்டியில் ஏற்றி அனுப்பப்படும் ஆசிரியருக்கு வசதி மையமும் இல்லை, சொந்த ஊர்ச் சாவடிக்குப் போகும் நேரமும் இல்லை. காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தாலே, பணி உறுதியாகும்வரை பொறுத்திராமல் அவர்களையும் முதல் மையத்திலேயே வாக்களிக்கச் செய்யுங்கள். வேறு மாவட்டத்து வாக்காளர்களாக இருக்கும் ஊழியர்களின் வாக்குச்சீட்டுகள் எந்தத் தேதிக்குள் பணியிட மாவட்டத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதற்கு ஒரு நாளைக் குறித்து, வராதவற்றின் பட்டியலை மாவட்ட ஆட்சியரே அன்றன்று பார்க்கும்படி செய்தால், எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்கு இதுவே முக்கியம். தேர்தல் முடிந்ததும் தொகுதிவாரியாக வெளியிடப்படும் படிவம் 20-இல் சாவடி வாரியாக வாக்குகள் வரும், இறுதியில் தபால் வாக்குகளின் வரி ஒன்று வரும். எத்தனை செல்லாதவை என்ற எண்ணோடு அது நின்றுவிடுகிறது. கையெழுத்து இல்லாமல் எத்தனை, சான்றொப்பம் செல்லாமல் எத்தனை, எண் பொருந்தாமல் எத்தனை, எண்ணிக்கை தொடங்கும் காலை எட்டு மணிக்குப்பின் வந்து சேர்ந்தவை எத்தனை என்று காரணம் பிரித்து, ஒவ்வொரு மாவட்டத்தின் முடிவுகளுடன் தமிழில் வெளியிடுங்கள். மேசையில் இந்தக் கணக்கை நாங்கள் எழுதித்தான் கொடுக்கிறோம். புதிதாக எவரும் உழைக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தில் சான்றொப்பப் பிழை மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தால், அது ஊழியர்களின் தவறா, பயிற்சி நடத்திய முறையின் தவறா என்று அடுத்த தேர்தலுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த மாவட்டத்தின் பயிற்சி வகுப்பில் அந்த ஒரு பிழையை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால்கூடப் பாதி குறைந்துவிடும். முப்பத்தோர் ஆண்டுகள் குழந்தைகளின் விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

என் பள்ளியில் என்னுடன் பணியாற்றிய இளைய ஆசிரியைகள் நால்வர் இப்போதும் தேர்தல் பணிக்குப் போகிறார்கள். பணி ஆணை வந்ததும் என்னைத் தேடி வந்து, படிவம் 12-ஐ எப்படி நிரப்புவது என்று கேட்பார்கள். பாகம் எண்ணைப் பென்சிலால் எழுதிப் பார்த்து, சரிபார்த்தபின் பேனாவால் எழுதச் சொல்வேன். என்னால் அதுவரைதான் முடியும். அதற்குப் பிறகு அந்த உறை போகும் வழி முழுவதும் தங்கள் பொறுப்பில் இருக்கிறது.

மிகுந்த மரியாதையுடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்