மெல்லக் கற்போர் பட்டியலை ஏன் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வருகிற அன்று நம் மாவட்டம் எத்தனையாவது இடம் என்று ராமநாதபுரத்தில் டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடும். ஓடட்டும். அந்த இடத்தைப் பிடிக்க வருஷம் முழுக்க வகுப்பறையில் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன், குறிப்பாக 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு, அதைப் பெயர் சொல்லி வாசித்து, பிள்ளைகளை எழுந்து நிற்க வைக்கிற வழக்கம் பற்றி.

நான் மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். 2021-இல், பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித் தரும் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்துக்குத் தன்னார்வலராக வந்தவள், விட மனமில்லாமல் தொடர்கிறேன். என்னிடம் வருகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

பையன், 'தோணி' என்று இருந்தால் 'தேணி' என்று வாசிப்பான். பின்னால் வருகிற கால் அவன் கண்ணில் படுவதே இல்லை, ஒரு பத்தியை முடிப்பதற்குள் வேர்த்துவிடும். அதே பையனிடம் நண்டு இத்தனை கிலோ, கிலோ இந்த விலை, டீசலும் ஐஸும் போக ஆளுக்கு என்ன பங்கு வரும் என்று கேட்டால், நான் போனை எடுத்துக் கணக்குப் போடுவதற்குள் சொல்லிவிடுவான். பெண் நன்றாகவே வாசிப்பாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறாள், அந்த நேரம் பார்த்து பின்னம் நடத்தி முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இருவருக்கும் கிடைத்த வைத்தியம் ஒன்றுதான்: தனி வகுப்பு, விடையைப் பத்து தடவை எழுது. எழுத்தே பிடிபடாதவன் பத்து தடவையும் தப்பாகத்தான் எழுதுவான். இன்னொரு குழந்தைக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி போட்டதும் பட்டியலை விட்டு வெளியே வந்துவிட்டது.

நிலை பார்த்துச் சொல்லிக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள், அதனால் பலன் இருப்பதை நானே பார்க்கிறேன். பிரித்ததை ஊருக்கே அறிவிப்பதுதான் வினை. இந்தப் பையன் இப்போதெல்லாம் "எனக்குப் படிப்பு வராதுக்கா, போட்டுக்குப் போயிடுறேன்" என்கிறான். அப்பா செய்கிற தொழில்தான், அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் பன்னிரண்டு வயதில் அவனுக்காக அதை முடிவு செய்தது யார்? கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதோடு சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பை ஒளித்து வைத்துவிட்டோம், நாக்கை என்ன செய்வது?

ஆண்டு விழா தவறாமல் கலாம் பெயரைச் சொல்கிறோம். ராமேஸ்வரம் பள்ளியில் குருக்கள் மகனோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவரை, புதிதாக வந்த ஆசிரியர் பின்னால் போய் உட்காரச் சொன்னதையும், அது தன்னை எவ்வளவு வருத்தியது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நண்பனின் அப்பா அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்ததால் விஷயம் சரியானது. இந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் போய்ப் பேச யார் இருக்கிறார்கள்? அப்பா கடலில், அம்மா பாசிக்கு.

அப்புறம், அந்தப் பையன் மாதிரி எழுத்து பிடிபடாமல் தடுமாறுவதற்குக் கற்றல் குறைபாடும் காரணமாக இருக்கலாம். அது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகை உண்டு. பத்தாம் வகுப்பில் அவசரமாக அலைவதற்குப் பதில் ஆறிலேயே பார்த்திருந்தால் வாசிக்கவே கற்றுக் கொடுத்திருக்கலாமே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். ஜூனில் பள்ளி திறந்த கையோடு, அவர்கள் மறுபடி கடலுக்குப் போவதற்குள் பெற்றோரைக் கூப்பிட்டு, வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று இருக்கிற சிறப்பாசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் என்ன காரணம் என்று எழுதி வைக்கலாம். தலைமையாசிரியர்கள் மனது வைத்தால் வரும் ஜூனிலேயே செய்ய முடியும். பட்டியல் ஆசிரியர் கையோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம்.