மன்னிப்பு எங்களிடம் வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களையெல்லாம் இவ்வளவு தூரம் அலைய வைத்துவிட்டேன், மன்னித்துவிடு" என்றாய். வண்டி வாசலில் காத்திருந்ததால் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்: எங்களிடம் மன்னிப்புக் கேட்காதே. நீங்கள் இருவரும் உங்கள் திருமணத்துக்கு அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததுதான் சரி.

மெக்சிகோ நாட்டுக்குப் பறந்து, விமான நிலையத்திலிருந்து மேலும் ஒன்றரை மணி நேரம் சாலையில் போய், சான் மிகுவேல் தே அயெந்தேயில் எதற்குத் திருமணம் என்று இரு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. உன் ஊரில் நடந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் விருந்தாளிகள். அவர் ஊரில் நடந்திருந்தால் நாங்கள் விருந்தாளிகள். அங்கேயோ எல்லோரும் வெளியூர்க்காரர்கள். யாருக்கும் வழி தெரியவில்லை, யாருக்கும் ஸ்பானிய மொழி வரவில்லை. உபசாரத்தில் குறை சொல்ல ஒருவரும் இல்லை, ஏனென்றால் உபசரிக்க வேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லை! முதல் நாள் மாலையே உன் அப்பாவும் உன் மாமனாரும் ஒரே வரைபடத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்றிருந்தார்கள்.

அந்த ஊர்வலத்தை நினைத்தால் இன்னமும் கால்கள் ஆடுகின்றன. கயெஹோனெயாதா என்று அங்கே சொல்கிறார்கள். பெரிய தேவாலயத்தின் முன்னால் மரியாச்சி என்ற மெக்சிகோ நாட்டுப்புற இசைக் குழுவின் எக்காளங்கள் முழங்கியதும் ஊரே திரும்பிப் பார்த்தது. இளஞ்சிவப்புக் கல்லில் ஊசிக் கோபுரங்களாக எழும் அதன் முகப்பு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செபெரினோ குத்தியெர்ரெஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார் கட்டியது. முறையான படிப்பில்லாத அவர், ஐரோப்பியத் தேவாலயங்களின் படங்களைப் பார்த்தே அதை வடிவமைத்தார் என்பது ஊர்ப் பேச்சு. அதன் கீழே உன்னைப் போலவும் உன் கணவரைப் போலவும் செய்த இரண்டு பிரம்மாண்டமான காகிதக்கூழ்ப் பொம்மைகள் சுழன்று சுழன்று ஆடின. உள்ளே இருந்து ஆடியவருக்கு வெளியே பார்க்க, பொம்மையின் வயிற்றுப் பக்கம் ஒரு சிறு திறப்பு மட்டும். ஒவ்வொரு சுழற்சிக்கும் தொங்கும் கைகள் விரிந்து, பக்கத்தில் போன யாரையாவது தட்டின. முன்னால் பூமாலை சூடிய கழுதை. எங்கள் கழுத்தில் நாடாவில் கோத்த மண் குவளைகள். கருங்கல் பாவிய சந்தில் உன் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டபோது, உன் மாமியாரும் தன்னுடையதைக் கழற்றினார். பிறகு இருவரும் கைகோத்தபடி நடந்தார்கள். மாடங்களில் நின்ற முன்பின் தெரியாத மக்கள் கைதட்டி உங்களை வாழ்த்தினார்கள்.

சட்டப்படியான பதிவை முன்கூட்டியே முடித்திருந்தது நல்ல யோசனை. அந்த நாட்டில் பதிவு அலுவலகத் திருமணம்தான் செல்லும், சடங்கு தனி. அதனால் அங்கே கையெழுத்து, சான்றிதழ் என்ற பதற்றம் எதுவும் இல்லை.

லாசோ என்ற, மணமக்களை இணைக்கும் அந்த இரட்டை வளைய மணிமாலையை உங்கள் தோள்களில் போட என்னை அழைத்தாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்! 8 என்ற எண்ணைப் போல அதை விரித்தபோது ஒரு மணி உன் தலையில் இருந்த பூவில் சிக்கிக்கொண்டது. எதிரில் நின்ற உன் கணவரின் தங்கை தன் விரல் நகத்தால் மெதுவாக அதை விடுவித்தாள். அவள் மொழி எனக்கும் என் மொழி அவளுக்கும் தெரியாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. இரவில் நீங்கள் நாற்காலிகளின் மேல் நின்று துணியை வளைவாகப் பிடிக்க, நாங்கள் சங்கிலியாகக் கைகோத்து அதன் கீழே ஓடினோமே, அப்போதும் என் கை அவள் பிடியில்தான் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் அந்த ஓட்டம்! மூச்சு வாங்கியது, நிற்க மட்டும் மனம் வரவில்லை.

இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததால்தான் இதையும் எழுதுகிறேன். மன்னிப்போ விளக்கமோ சொல்ல வேண்டுமானால், வர முடியாமல் போனவர்களிடம் சொல். விடுப்பு கிடைக்கவில்லை என்று சிலர் எழுதினார்கள். அவர்களில் சிலருக்கு டிக்கெட் விலைதான் உண்மையான காரணம். யார் யார் என்று என்னிடம் கேட்காதே, சொல்ல மாட்டேன். எல்லோரையும் ஒரே மாதிரி, நேரில் போய்ப் பார். படங்களை அனுப்பிவைத்தால் போதும் என்று இருந்துவிடாதே.

முதலில் உன் பாட்டியிடம் போ. நடு இரவைத் தாண்டி விழித்திருந்து, கைபேசித் திரையில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தார். இசை தொடங்கியதும் இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு யாருக்கும் மீண்டும் அழைக்கத் தோன்றவில்லை. அந்த லாசோவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், இருவருமாக. பாட்டியே தன் கையால் உங்கள் தோள்களில் போடட்டும். நாள் முடிவானதும் எனக்குச் சொல். நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
உன் தோழி