மஞ்சள் ஏறாத ஒரு பிபிசி மைக்ரோ

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. அச்சகத்துக்குப் புது இயந்திரம் வாங்கியதில் மகிழ்ச்சி. முதல் தவணை கட்டுவதற்குள்ளேயே புலம்பத் தொடங்கிவிட்டாய். நீ மாறவே இல்லை. இளையவளுக்கு அமைந்திருக்கும் வரன் நல்ல இடமாகத்தான் தெரிகிறது. தேதி முடிவானதும் எழுது, குடும்பத்தோடு வருகிறோம்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். பிபிசி மைக்ரோ செய்துகொண்டிருக்கிறேன். நினைவிருக்கிறதா? 1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினி கற்பிக்கும் கிளாஸ் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளுக்கு வந்த கணினி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது போல அந்த அறைக்குள் போவோமே, அதுதான். அதைத் திருகாணி முதல் முப்பரிமாணத்தில் பிளெண்டர் மென்பொருளில் உருவாக்குகிறேன். பிளெண்டர் இலவசம். செலவெல்லாம் மின்சாரமும் கண்ணும்தான்.

அக்கா மகன் லண்டனிலிருந்து வரும்போது, பழுதாகிப்போன ஒன்றைத் துணிமணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தான். வேலை செய்யாது, அளவெடுக்க அது போதும். வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரிவதில்லை. இணையத்தில் புகைப்படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் அவற்றை நம்பி அளவெடுக்க முடியாது. கிட்டே நின்று எடுத்த படத்தில் முன்பக்கம் ஊதிப்போய், பின்பக்கம் சூம்பிவிடும்.

இந்தக் கூட்டை வடிவமைத்தவர் ஆலன் பூத்ராய்ட். பார்த்தால் நேர்க்கோடுகளால் ஆன சாதாரணப் பெட்டி. காலிப்பரை வைத்தால்தான் தெரிகிறது, எந்தச் சுவரும் செங்குத்தாக இல்லை. கொழுக்கட்டை அச்சிலிருந்து மாவு பிசகாமல் கழன்று வர வேண்டுமல்லவா? பிளாஸ்டிக்குக்கும் அதே கதைதான். அதனால் சுவர்களைக் கொஞ்சம் சாய்த்தே வடிக்கிறார்கள். சாய்வை விட்டுவிட்டு மாதிரி செய்தால், என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் பார்ப்பவன் நம்ப மாட்டான். விளிம்பும் அப்படித்தான். கணினி வரையும் பெட்டியின் விளிம்புக்குத் தடிமனே கிடையாது. கையால் தொடக்கூடிய எந்தப் பொருளின் விளிம்பும் சற்றாவது மழுங்கித்தான் இருக்கும். வெளிச்சம் மெல்லிய கோடாகப் படிவது அந்த மழுங்கலில்தான். அந்தக் கோடு இல்லாவிட்டால் படம் வெறும் பொம்மை.

விசைப்பலகை பெரிய வேலை. வரிசைக்கு வரிசை விசையின் சாய்வு மாறுகிறது; ஒன்றைச் செய்து எல்லா இடத்திலும் ஒட்டிவிட முடியாது. எஃப்0 முதல் எஃப்9 வரை அந்தப் பத்துச் செம்மஞ்சள் விசைகளை மட்டும் ஒரு மாலையில் முடித்துவிட்டேன். எழுத்துகளைக் கணினியில் இருக்கும் எழுத்துருவால் அடிக்காமல், விசைகளைக் கழற்றி ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து நகலெடுத்துக்கொண்டேன். அச்சுக்காரனான உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்கள் செய்த மாதிரிகளையும் பார்க்கிறேன். கைத்திறன் பிரமாதம், கவனம்தான் சில இடங்களில் போதவில்லை. திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று தொடக்க வரி ஒளிரும். விசைப்பலகையின் இடது ஓரத்தில் கேப்ஸ் லாக் விளக்கு அணைந்திருக்கும். உண்மையில் கருவியைப் போட்டதுமே அந்தச் சிவப்பு விளக்கு எரியும். திரை எழுத்தையும் கட்டம் கட்டமாகப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தொடக்கத் திரைக்கு எழுத்து வரைந்தது எஸ்ஏஏ5050 என்ற டெலிடெக்ஸ்ட் சில்லு, அதாவது தொலைக்காட்சித் திரையில் எழுத்துச் செய்தி காட்டுவதற்கான சில்லு. சாய்கோடுகளின் படிக்கட்டை அது தானே நிரவி, எழுத்தை வழவழப்பாக்கிவிடும். பழைய கணினி என்றாலே கட்டம் கட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ.

ஒன்றை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் ‘எலைட்’ விளையாட்டை எழுதியது இந்தக் கருவிக்குத்தான். வெறும் 32 கிலோபைட் நினைவகத்தில் முப்பரிமாண விண்கலங்களைக் கோடுகளால் சுழலவிட்டார்கள். இன்று அதே கருவியின் மேல்தோல் சொரசொரப்புக்காக மட்டும் நான் வைத்திருக்கும் படக் கோப்பு அந்த நினைவகத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். நிறம்.

இன்று கிடைக்கும் பிபிசி மைக்ரோ பெரும்பாலும் பழுத்த மஞ்சள். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக் அப்படி ஆகிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுப்பவர்கள் உண்டு. மாதிரி செய்பவர்களோ தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று அந்த மஞ்சளை அப்படியே பூசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது பழம்பொருள் விற்பவரின் அலமாரியில் இருக்கும் தத்ரூபம். நாம் தொட்டபோது அது புதுக் கருவி. அதற்குப் பழமை வேண்டாமா என்றால் வேண்டும். ஆனால் நாற்பது வருடப் பழமையை அல்ல, பிள்ளைகள் கையில் ஒரு வருடம் பட்ட பழமையைத்தான் வைக்க வேண்டும். விளையாட்டுகளில் இடம் வலம் போக இசட், எக்ஸ் விசைகளைத்தானே அமுக்கினோம்? அவை இரண்டும், ஸ்பேஸ் விசையின் கட்டைவிரல் படும் இடமும் மற்றவற்றைவிடப் பளபளக்க வேண்டும். காற்றுத் துவாரங்களில் கொஞ்சம் சாக்பீஸ் தூள். அவ்வளவு போதும்.

புது நிறம் எது என்பதற்குக் கையில் ஒரு சாட்சி உண்டு. கூட்டைப் பூட்டும் நான்கு திருகுகளின் அருகே ‘ஃபிக்ஸ்’ என்று பொறித்திருக்கிறார்கள். அவற்றைக் கழற்றி மூடியைத் திருப்பினால், வெளிச்சம் படாத உள்பக்கம் வெளியைவிட நன்றாக வெளுப்பு. ஆனால் அதைப் புகைப்படம் எடுத்தால் கேமரா ஒரு நிறம் சொல்கிறது, என் திரை வேறு நிறம் சொல்கிறது. வீட்டில் கேட்டால் “எல்லாம் வெள்ளைதானே” என்கிறாள்.

நீ முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன். ‘கொஞ்சம் கிரீமா இருக்கணும்’ என்று வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எத்தனை கிரீம் காட்டியிருப்பாய்! மூடியின் உள்பக்கத்திலிருந்து, தட்டுப்படாத ஒரு மூலையில் சிறு துண்டு வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்துப் பார். அச்சில் கலக்கும் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே எழுதி அனுப்பு. ‘பழைய பால் மாதிரி’ என்றெல்லாம் எழுதிவிடாதே. துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, திருப்பி ஒட்ட வேண்டும்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராமநாதன்