தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கான உணவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி என்று விலக்க வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, சமையலுக்கு இந்துப்பு நல்லது என்று முடித்திருந்தீர்கள். நான் காரைக்குடியில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். இதழ் வந்ததிலிருந்து, "கோஸ் சேர்க்கலாமாம்மா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். மாத்திரையை எப்படிப் போடுவது என்று கேட்பவரைத்தான் காணோம்.

எங்கள் பக்கத்து ஆச்சிமாருக்கு எழுந்ததும் காபி வேண்டும். டிகாக்‌ஷன் இறங்காமல் வீட்டில் வேறெந்த வேலையும் ஓடாது. தைராய்டு மாத்திரையையும் அந்தக் காபியிலேயே விழுங்கிவிடுகிறவர்கள் நிறைய. லெவோதைராக்ஸின் என்ற இந்தத் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டிய மருந்து. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் பலகாரமும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு குறைந்தால் ரத்தப் பரிசோதனையில் கூடிக் காட்டும் டிஎஸ்எச் ஏறும், டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார், மறுபடியும் ஏறும். காபியைத் தள்ளிப்போடவே முடியாது என்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் முக்கியம். இரும்புச்சத்து, கால்சியம், தைராய்டு மூன்றையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். தைராய்டு மாத்திரைக்கும் மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததுமே டாக்டரைப் பார்ப்பதும் அவசியம். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் உப்பு. தைராய்டு ஹார்மோன் அயோடினைக் கொண்டுதான் உருவாகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. "கடல் தண்ணியில எடுக்கிற கல் உப்புதானே, அதில் இல்லாத அயோடினா?" என்று கேட்பார்கள். கடலில் உண்டு, காய்ந்து வரும் உப்பில் அநேகமாக இருக்காது. இந்துப்பும் அப்படித்தான். அயோடின் கலக்காத உப்பை நேரடியாகச் சாப்பிடுவதற்கு விற்கக் கூடாது என்று 2006 முதல் தடையே இருக்கிறது. கல் உப்புதான் கைக்குப் பழக்கம் என்றால் அதிலும் அயோடின் கலந்த பாக்கெட் கிடைக்கிறது. அதையும் சாடியில் கொட்டி, திறந்தபடி அடுப்போரம் வைத்தால் அயோடின் குறைந்துகொண்டே போகும். அதற்காக உப்பை அள்ளிப்போடச் சொல்லவில்லை; நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் கணக்கு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வரும் குறைபாட்டுக்கு அயோடின் மருந்தும் ஆகாது. கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னும் மோசம்; அளவு மீறிய அயோடினும் சுரப்பைக் குறைக்கும்.

கோஸுக்கு வருகிறேன். அதிலுள்ள சில பொருள்கள் தைராய்டுக்கு அயோடின் போவதைத் தடுக்கும் என்பது நிஜம்தான். ஆனால் வெந்தால் பெருமளவு குறைந்துவிடும். நம்மில் யார் கோஸைப் பச்சையாகக் கிண்ணம் கிண்ணமாகத் தின்கிறோம்? பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம். கட்டுரை கம்பைப் பற்றிப் பேசவே இல்லை. கம்பே பிரதான உணவாக இருந்த சூடான் பகுதிகளில் முன்கழுத்துக் கழலை (தைராய்டு வீக்கம்) அதிகம் இருந்ததை ஆராய்ந்திருக்கிறார்கள். என்றைக்காவது கம்பங்கூழ் குடிப்பதில் பயமில்லை, மூன்று வேளையும் அதுவே என்றால்தான் யோசிக்க வேண்டும்.

சாப்பிட வேண்டியது எல்லாம் நம் சமையலிலேயே இருக்கிறது. கண்மாய்க் கெண்டையைவிடத் தொண்டிப் பக்கத்துக் கடல்மீனில் அயோடின் அதிகம். தைராய்டுக்கு வேண்டிய செலினியம் என்ற தாதுச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். மீன் தொடாத வீடுகளுக்குப் பால், தயிர் போதும். மலச்சிக்கல் இந்த நோயோடு கூடவே வரும், அதற்குக் கீரை, வாழைத்தண்டு. கவுனி அரிசியும் நல்லதுதான், சர்க்கரையும் நெய்யும் மிதக்காத வரைக்கும். எடையும் கொழுப்பும் ஏறக்கூடிய உடம்புக்குத் தினமும் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் எண்ணெயில் பொரித்துக் கொடுத்துவிட்டு, கோஸை மட்டும் ஒதுக்கி வைப்பது என்ன நியாயமோ!

இந்துப்பு பற்றிய வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். மாத்திரைக்கும் காபிக்கும் இடையிலான நேரத்தைக் கட்டம் கட்டிப் போட்டால், வெட்டி எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி